பிறந்தநாள் கேக்: கேளுங்கள், சொல்கிறோம்

பிறந்தநாள் கேக் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எங்கள் சமையல் குழுவின் பதில்கள் இவை. ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

சின்ன வயதில் எங்கள் பிறந்தநாளுக்கெல்லாம் அம்மா ஒரு மஞ்சள் கேக் செய்வார். கிரீம் எதுவும் இருக்காது. மேலே லேசான மொறுமொறுப்பு, உள்ளே கொஞ்சம் கெட்டி, வீடு முழுக்க வாசனை. செய்முறையை அவர் எழுதிவைக்கவில்லை. அண்ணனின் 50-வது பிறந்தநாளுக்கு அதையே செய்து வைக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது சம எடை கேக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம். முட்டை, வெண்ணெய், சர்க்கரை, மைதா நான்கும் ஒரே எடை. எழுதிவைக்காமலே தலைமுறைகள் செய்துவந்த கேக் அது, ஏனென்றால் நினைவில் வைத்துக்கொள்ள வேறு கணக்கே வேண்டாம். நான்கு முட்டையை ஓட்டோடு எடை போடுங்கள். 220 முதல் 240 கிராம் வரை வரும். மற்ற மூன்றையும் அதே அளவு எடுங்கள். பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி போதும். இப்போதைய செய்முறைகளில் வரும் இரண்டு தேக்கரண்டியைப் போட்டால் கேக் பஞ்சுபோல் வந்துவிடும், நீங்கள் தேடும் கெட்டித்தன்மை கிடைக்காது. எட்டு அங்குல வட்ட டின், 165 டிகிரி, 55 முதல் 65 நிமிடம்.

இது அடித்தளம்தான். அம்மாவின் கேக்குக்கு நெருங்க மூன்று விஷயங்களைத் தேட வேண்டும்.

முதலாவது வாசனை. பல வீடுகளில் அன்று பயன்பட்டது செயற்கை வெனிலா எசன்ஸ். அதில் முக்கியமாக இருப்பது வனிலின் என்ற ஒரே ஒரு மணப்பொருள். வெனிலா காயிலிருந்து எடுக்கும் சாற்றில் அதோடு நூற்றுக்கணக்கான மணப்பொருள்கள் கலந்திருக்கும். அண்ணனுக்காக விலை உயர்ந்த சாற்றை வாங்கி ஊற்றினால் 'நன்றாக இருக்கிறது, ஆனால் அது இல்லை' என்பார். முதல் முயற்சியைச் சாதாரண எசன்ஸில் செய்யுங்கள். வெண்ணெய்க்குப் பதில் மார்ஜரின் போட்டிருந்தாலும் வாசனை மாறியிருக்கும். எலுமிச்சைத் தோலோ ஜாதிக்காயோ இருந்ததா என்று உடன்பிறந்தவர்களைக் கேளுங்கள்.

இரண்டாவது நிறம். அந்த மஞ்சள் முட்டைக் கருவிலிருந்து மட்டும் வந்திருக்க வேண்டியதில்லை. கஸ்டர்ட் பவுடர் சேர்த்திருந்தால் நிறம், வெனிலா மணம், வாயில் கரையும் தன்மை மூன்றும் அதிலிருந்தே வந்திருக்கும். இரண்டு மேசைக்கரண்டி மைதாவை எடுத்துவிட்டு அதே அளவு கஸ்டர்ட் பவுடர் சேர்த்து ஒரு முறை பாருங்கள்.

மூன்றாவது அந்த மொறுமொறுப்பு. மேற்பரப்பில் சர்க்கரை கரைந்து உலர்வதால் வரும் மெல்லிய ஏடு அது. சர்க்கரையைக் குறைத்தால் வராது. மாவின் மேல் ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையைத் தூவி ஓவனில் வைத்தால் தெளிவாக வரும். சூட்டோடு மூடி வைத்தால் ஆவி பட்டு அரை மணியில் நமத்துவிடும். நன்றாக ஆறும்வரை திறந்தே இருக்கட்டும்.

ஒவ்வொன்றுக்கும் முழுக் கேக் செய்து பார்க்க வேண்டாம். இரண்டு முட்டைக்கான மாவைக் கலந்து நான்கு கிண்ணங்களில் பிரியுங்கள். ஒன்றில் செயற்கை எசன்ஸ், ஒன்றில் வெனிலாச் சாறு, ஒன்றில் எசன்ஸோடு எலுமிச்சைத் தோல், ஒன்றில் எசன்ஸோடு ஜாதிக்காய். சிறிய கப்களில் ஊற்றி ஒன்றாக வேகவையுங்கள், 18 முதல் 20 நிமிடம் ஆகும். அண்ணனைக் கண்ணை மூடச் சொல்லி முகர மட்டும் கொடுங்கள், சுவைப்பது பிறகு. மற்றப் புலன்களின் செய்திகள் மூளையில் தலாமஸ் என்ற இடைநிலையத்தின் வழியாகப் போகின்றன. வாசனை மட்டும் அங்கே நிற்காமல், உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் அமிக்டலா, ஹிப்போகாம்பஸ் பகுதிகளை எட்டுகிறது. மூக்கு சொல்லும் 'இதுதான்' என்பதை நாக்கின் தீர்ப்பைவிட நம்பலாம்.

நாக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. குழந்தைகளுக்குப் பெரியவர்களைவிட அதிக இனிப்பு பிடிக்கும். அன்று அளவாக இருந்தது இன்று திகட்டலாம். அதற்காக முதல் முயற்சியிலேயே சர்க்கரையைக் குறைக்காதீர்கள். ஈரப்பதத்தைப் பிடித்துவைப்பதும் மேல் ஏட்டைத் தருவதும் சர்க்கரைதான். கேக்கை முந்தின நாளே செய்துவிடுங்கள். சம எடை கேக் ஒரு இரவு மூடி இருந்த பிறகுதான் துகள் உதிராமல் வெட்ட வரும், சுவையும் அப்போதுதான் ஒன்றுசேரும். மூடினால் ஏடு கொஞ்சம் மென்மையாகும். பரிமாறுவதற்கு முன் 160 டிகிரி ஓவனில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்தால் திரும்ப வரும்.

ஒரு முறை கேக்கின் நடுவில் குழி விழுகிறது. மறுமுறை அதே செய்முறையில் உச்சி கூம்பி வெடிக்கிறது. செய்முறையில் தவறா?

செய்முறையில் தவறு இருக்க வாய்ப்பு குறைவு. இரண்டும் எதிரெதிரான கோளாறுகள். குழி என்றால் நடு வேகவில்லை, அல்லது பேக்கிங் பவுடர் அதிகம். கூம்பு என்றால் சூடு அதிகம், ஓரம் முதலில் இறுகிவிட்டதால் நடுவில் இருக்கும் மாவு மேலே தவிர வேறெங்கும் போக வழியில்லை.

ஒரு நடுத்தர அளவைச் சரிபார்ப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெண்ணெய், சர்க்கரை, மைதா தலா 225 கிராம், முட்டை 4, பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி. இரண்டு எட்டு அங்குல டின்களில் 180 டிகிரியில் சுமார் 25 நிமிடம். ஓவனில் மின்விசிறி ஓடினால் 160 டிகிரி. நூறு கிராம் மைதாவுக்கு ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் என்பதைத் தாண்டாதீர்கள். அளவுக்கு மீறினால் குமிழிகள் பெரிதாகி, சுவர் இறுகும் முன்பே உடைந்து, பொங்கிய கேக் அப்படியே உட்கார்ந்துவிடும்.

எங்களுக்கு வரும் கேக் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஓவனின் முள் காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் வேறாக இருப்பதுதான். 15, 20 டிகிரி வித்தியாசம் சாதாரணம். உள்ளே வைக்கும் சிறிய வெப்பமானி ஒன்று வாங்கிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். முதல் 20 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். குச்சியை நடுவில் குத்தி எடுத்தால் ஈர மாவு ஒட்டக் கூடாது, ஓரிரு துகள் ஒட்டலாம். கேக்கின் ஓரம் டின்னை விட்டு மயிரிழை விலகியிருக்கும். உச்சி சமமாக வர வேண்டுமென்றால் டின்னைச் சுற்றி ஈரத்துணிப் பட்டையைக் கட்டி வையுங்கள், ஓரம் மெதுவாக வேகும்.

முட்டை சேர்க்கும்போது கலவை திரிந்தால் முட்டை குளிர்ச்சியாக இருந்திருக்கிறது. எடுத்து வைத்திருக்கும் மைதாவிலிருந்து ஒரு மேசைக்கரண்டி தூவி அடித்தால் சேர்ந்துவிடும். வெண்ணெய் 20 டிகிரி சுற்றி இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், எண்ணெய் பளபளப்பு தெரியக் கூடாது. உருகிய வெண்ணெயில் காற்று நிற்காது.

எட்டு அங்குலச் செய்முறையைப் பத்து அங்குல டின்னில் செய்தேன். தட்டையாக வந்தது. இரண்டு அங்குலம்தானே கூடுதல்?

பரப்பைப் பாருங்கள். எட்டு அங்குல வட்டத்தின் பரப்பு சுமார் 50 சதுர அங்குலம், பத்து அங்குலம் 79, ஆறு அங்குலம் 28. அதனால் பத்துக்கு எல்லாவற்றையும் ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகமாக எடுங்கள். ஆறுக்குப் பாதியைவிடச் சற்று அதிகம். எட்டு அங்குலச் சதுர டின்னில் ஒன்பது அங்குல வட்டத்துக்கான மாவு பிடிக்கும். பெரிய டின்னுக்குச் சூட்டை 10 டிகிரி குறைத்து, நேரத்தைக் கூட்டி, குச்சி வைத்துப் பார்த்து எடுங்கள்.

மகனின் வகுப்பில் ஒரு குழந்தைக்கு முட்டையும் பாலும் ஒவ்வாமை. எல்லோரும் ஒரே கேக்கைச் சாப்பிட வேண்டும் என்று மகன் பிடிவாதமாக இருக்கிறான்.

உங்கள் மகன் கேட்பது நியாயம், செய்யவும் முடியும். அந்தக் குழந்தைக்கு மட்டும் தனி கப்கேக் கொடுத்தால், வளர்ந்த பிறகும் அதுதான் மனதில் நிற்கும்.

மைதா 190 கிராம், சர்க்கரை 200 கிராம், இனிப்பில்லாத கோக்கோ பவுடர் 30 கிராம், சமையல் சோடா ஒரு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. இவற்றைச் சலித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 240 மில்லி, மணமில்லாத எண்ணெய் 80 மில்லி, வினிகர் ஒரு மேசைக்கரண்டி, வெனிலா ஒரு தேக்கரண்டி ஊற்றி, மாவுக் கட்டி மறையும்வரை மட்டும் கலக்குங்கள். எட்டு அங்குல டின், 180 டிகிரி, 30 முதல் 35 நிமிடம். பொங்க வைப்பது வினிகரும் சோடாவும் சேரும் வினை. அது கலந்த நொடியிலேயே தொடங்கிவிடும் என்பதால் ஓவன் முதலில் சூடாகியிருக்க வேண்டும், மாவு காத்திருக்கக் கூடாது. வெந்த பிறகு வினிகர் வாடை இருக்காது. எண்ணெய் கேக் என்பதால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் இறுகாது.

பால் ஒவ்வாமை இல்லை, முட்டை மட்டும் வேண்டாம் என்பவர்களுக்குத் தயிர் நல்லது. மைதா 190 கிராம், புளிக்காத தயிர் 240 கிராம், சர்க்கரை 150 கிராம், எண்ணெய் 110 மில்லி, பேக்கிங் பவுடர் ஒன்றேகால் தேக்கரண்டி, சோடா அரைத் தேக்கரண்டி. இன்று எல்லோர் வீட்டிலும் இருக்கும் பேக்கிங் பவுடரே ஓர் ஒவ்வாமையால் பிறந்ததுதான். முட்டையும் ஈஸ்டும் ஒத்துக்கொள்ளாத மனைவிக்காக இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் பேர்ட் 1843-ல் அதை உருவாக்கினார். முட்டையில்லாத கஸ்டர்ட் பவுடரும் அவர் கைவண்ணமே.

ஒவ்வாமை கடுமையாக இருந்தால் பாத்திரம், கரண்டி, சலிப்பான் எல்லாவற்றையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். கோக்கோ, சாக்லேட், அலங்கார மணிகளின் உறைகளைப் படியுங்கள், பால் கலந்திருக்கலாம். அவற்றைப் படம் எடுத்து அந்தக் குழந்தையின் பெற்றோருக்கு முன்கூட்டியே அனுப்பி, அவர்கள் சரி என்றால் மட்டும் பரிமாறுங்கள்.

வெயில் காலத்தில் பிறந்தநாள். போன முறை மேசையில் வைத்த அரை மணியில் பட்டர் கிரீம் வழிந்துவிட்டது.

வெண்ணெய் 32 டிகிரியிலிருந்து உருகத் தொடங்கும். அதற்கு முன்பே குழைந்துவிடும். அறைச் சூடு 30-ஐ நெருங்கினால் வெளிப்பூச்சுக்கு கனாஷ் என்ற சாக்லேட்-கிரீம் கலவையைப் பூசுங்கள். டார்க் சாக்லேட் 500 கிராமுக்கு 250 கிராம் கிரீம், மில்க் சாக்லேட் என்றால் மூன்றுக்கு ஒன்று. கிரீமைக் கொதி வரும்வரை சூடாக்கி, நறுக்கிய சாக்லேட்டின் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கலக்குங்கள். நிலக்கடலை வெண்ணெய்ப் பதத்துக்கு ஆறியதும் பூசலாம்.

முதலில் மெல்லிய பூச்சு ஒன்று, துகளைப் பிடித்துவைக்க. அரை மணி குளிரவைத்த பிறகு முழுப் பூச்சு. காரில் கொண்டுபோகும்போது மடியிலோ இருக்கையிலோ வேண்டாம். இரண்டும் சரிவு. கால் வைக்கும் தரைதான் சமம், பெட்டிக்கு அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு போடுங்கள். பால் கிரீம் கேக் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, 32 டிகிரிக்கு மேலான வெயிலில் ஒரு மணி நேரம்தான்.

கறுப்பு நிற கேக் கேட்கிறாள் மகள். எவ்வளவு நிறம் ஊற்றினாலும் சாம்பலாகவே இருக்கிறது.

வெள்ளைக் கிரீமிலிருந்து தொடங்காதீர்கள். கோக்கோ சேர்த்த பழுப்புக் கிரீமில் ஜெல் நிறத்தைக் கொஞ்சமாகக் கலந்து ஓர் இரவு மூடி வையுங்கள், தானாகவே கருக்கும். சிவப்பும் அப்படியே, முந்தின நாள் அடர்ந்த இளஞ்சிவப்பில் நிறுத்தினால் போதும். உடனே நிறம் வர வேண்டும் என்று கொட்டினால் கசக்கும், எல்லோர் பல்லும் கறுக்கும்.

மினுமினுப்புத் தூள் போடுவதாக இருந்தால் உறையில் 'உண்ணத்தக்கது' என்று இருப்பதோடு, என்னென்ன கலந்திருக்கிறது என்ற பட்டியலும் இருக்கிறதா என்று பாருங்கள். 'நச்சற்றது' என்பது மட்டும் போதாது. அலங்காரத்துக்கு மட்டுமான உலோகத் தூள் பூசிய கேக்கைச் சாப்பிட்டு, 2018-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் குழந்தைகள் வாந்தியெடுத்தார்கள். அந்தத் தூளில் இருந்தது தாமிரம்.

மெழுகுவர்த்தியை ஊதினால் எச்சில் படுகிறதே, நிறுத்திவிடலாமா?

எச்சில் படுவது உண்மை. அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு 2017-ல் வெளியானது. ஊதிய பிறகு கிரீமின் மேல் பாக்டீரியா சராசரியாக 1,400 சதவீதம் கூடியிருந்தது. ஆரோக்கியமானவர்களுக்கு இதனால் ஆபத்து குறைவு என்பதையும் அந்த ஆய்வாளர்கள் சொன்னார்கள். ஊதுவதை நிறுத்த வேண்டாம். 1746-லேயே ஜெர்மனியில் வயதுக்கு ஒன்றாக மெழுகுவர்த்தி செருகிய பெரிய கேக்கைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு எல்லோர் முகமும் அந்த ஒளியில் தெரியும் நிமிடத்தைக் குழந்தையிடமிருந்து பறிக்கக் கூடாது. ஒரு கப்கேக்கைத் தனித் தட்டில் வைத்து அதில் மெழுகுவர்த்தியைச் செருகுங்கள். ஊதிய பிறகு அது பிறந்தநாள் குழந்தைக்கு.

எச்சிலைவிடப் பெரிய கவலை நெருப்பு. நுரைபோல் பீய்ச்சும் ஸ்னோ ஸ்ப்ரே டப்பாக்களில் உந்துவாயுவாக இருப்பது பெரும்பாலும் பியூட்டேன், புரோப்பேன் போன்ற எரியும் வாயு. மெழுகுவர்த்தி எரியும்போது அதை அடித்தால் முகத்தில் தீப்பிடிக்கும். அந்த அறைக்குள்ளேயே அது வேண்டாம். ஹைட்ரஜன் அடைத்த பலூனும் அப்படியே.

ஐந்து வயது மகன் கேக் செய்ய உதவ வருகிறான். வேலை இரட்டிப்பாகிறது. ஆனாலும் அவனுக்கு இது நினைவில் நிற்க வேண்டும் என்று ஆசை. எந்த வேலையைக் கொடுக்கலாம்?

முடிவு உடனே கண்ணுக்குத் தெரியும் வேலையைக் கொடுங்கள். மூன்று வயதில் அளந்து வைத்த மாவைக் கொட்டுவது. ஐந்தில் சலிப்பது, முட்டை உடைப்பது. முட்டையைத் தனிக் கிண்ணத்தில் உடைக்கச் சொல்லுங்கள், ஓடு விழுந்தால் பெரிய ஓட்டுத் துண்டாலேயே அள்ளிவிடலாம். ஏழு, எட்டில் தராசைப் பார்த்து எடை போடுவது, கிரீம் பூசுவது. ஓவன் பக்கம் பெரியவர்கள் மட்டும். ஈரத்துணியை மடித்துக் கிண்ணத்துக்கு அடியில் வைத்தால் சுற்றாது, பாதிச் சிந்தல் குறையும். கேக்கின் மேல்பக்கத்தை நீங்கள் பூசி, பக்கவாட்டில் ஒரு பகுதியை அவனுக்கே விடுங்கள். விரல் தடம் விழும். அதைச் சீர்செய்யாதீர்கள், அவன் தேடிப் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

பச்சை மாவுக் கலவையை நக்க விடாதீர்கள். முட்டை மட்டும் காரணமில்லை, வேகாத மைதாவிலும் நோய்க்கிருமி இருக்கலாம். நக்குவதற்குப் பட்டர் கிரீம் கிண்ணம் இருக்கிறது.

நினைவு நிற்பது பிறகு நடக்கும் பேச்சில். பெற்றோர் பழைய நிகழ்வுகளைக் குழந்தையோடு பேசும் விதத்தை எமரி பல்கலைக்கழகத்தின் ராபின் ஃபைவுஷ் நீண்ட காலம் ஆராய்ந்தவர். விரிவாகக் கேட்டுப் பேசும் வீட்டுக் குழந்தைகள் தங்கள் அனுபவத்தை விரிவாக நினைவுகூர்கிறார்கள் என்று அவ்வகை ஆய்வுகள் காட்டுகின்றன. 'கேக் நன்றாக இருந்ததா?' என்றால் 'ம்' என்பான். 'முட்டையை உடைத்தபோது என்ன ஆச்சு? அப்புறம் யார் சிரிச்சாங்க?' என்று கேளுங்கள். மறுநாள் ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை.

முதல் பிறந்தநாளைப் பெரிதாகக் கொண்டாட வீட்டில் சொல்கிறார்கள். பேத்திக்கு நினைவிருக்குமா?

இருக்காது. பெரியவர்களைக் கேட்டால் அவர்கள் சொல்லும் முதல் நினைவு சராசரியாக மூன்று, மூன்றரை வயதைச் சேர்ந்ததாக இருக்கிறது. முதல் பிறந்தநாள் உங்களுக்கானது, மனம் நிறையக் கொண்டாடுங்கள். நான்கு அங்குலக் கேக், பழக்கூழ் இனிப்பு, மேலே கெட்டித் தயிர், குழந்தைக்கு அது போதும். முன்னதாகச் சுவைத்துப் பழக்குவதாக இருந்தால் ஒரு வயது முடியும்வரை தேன் கூடவே கூடாது, பொட்டுலிசம் என்ற கடுமையான நச்சு நோய் வரும் ஆபத்து உண்டு. முழுக் கொட்டை, வெள்ளி மணி, கம்பி வைத்த பூ எதுவும் அந்தக் கேக்கில் வேண்டாம்.

படம் எடுக்கும் வேலையை ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். ஃபேர்ஃபீல்ட் பல்கலைக்கழகத்தின் லிண்டா ஹென்கெல் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களை வெறுமனே பார்த்தவர்களுக்கு இருந்த நினைவு, அவற்றை முழுதாகப் படமெடுத்தவர்களுக்கு இருக்கவில்லை. நினைவில் வைத்திருக்கப்போவது நீங்கள்தான் என்பதால், கைபேசி உங்கள் கையில் வேண்டாம்.

மிஞ்சிய கேக்கை எத்தனை நாள் வைக்கலாம்?

பட்டர் கிரீம் கேக்கைக் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று, நான்கு நாள் வைக்கலாம். வெட்டிய முகத்தின் மேல் பிளாஸ்டிக் தாளை ஒட்டி மூடுங்கள், காய்வது அங்கேதான். சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுத்தால் வெண்ணெய் இளகும். உறைபெட்டியில் துண்டு துண்டாகப் பிளாஸ்டிக் தாளிலும் அதன் மேல் அலுமினியத் தாளிலும் சுற்றி வைத்தால் இரண்டு மாதம் வரை நன்றாக இருக்கும். உறை நீக்கும்போது சுற்றிய தாளைப் பிரிக்காதீர்கள். காற்றின் ஈரம் தாளின் வெளிப்புறத்தில் படியட்டும், கேக்கின் மேல் படிந்தால் நிறம் கசியும்.